இரும்புக்கடைக்காக ஒரு பெரியப்பா

"சனிக்கிழம சாயங்காலம் நாப்பது சாப்பாடு. நீதான் கூட நின்னு பரிமாறணும்," என்றார் மஜீத் பாய்.

அன்பழகன் கையிலிருந்த கரண்டியை அண்டாவுக்குள் வீசினான். வருஷத்தில் ஐம்பத்திரண்டு சனிக்கிழமை இருக்கிறது. நாற்பது பேருக்குப் பசிக்க இந்த ஒரு சனிக்கிழமைதானா கிடைத்தது?

"நுஃமான் அண்ணன பரிமாறச் சொல்லுங்க பாய்."

"அவன் வண்டி ஓட்டறவன். இந்த ஆர்டருக்கு நீதான்டா வேணும். எங்கன்னா..."

"எங்கயா இருந்தா எனக்கு இன்னா பாய்," என்று சொல்லிவிட்டு அன்பழகன் கொல்லைப்பக்கம் போய்விட்டான். பாய் திறந்த வாயை மூடிக்கொண்டு கல்லாவுக்குத் திரும்பினார்.

யாரையும் பேசி முடிக்க விடுகிற வழக்கம் அன்பழகனுக்குக் கிடையாது. கல்யாணத்தன்று மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஐயரையே, புரிந்துவிட்டது, தாலியைக் கொடுங்கள் என்று அவசரப்படுத்தியவன். முதலியார்பேட்டையில் மஜீத் பாயின் பிரியாணிக் கடையில் அவனுக்கு ஒன்பது வருஷ வேலை. ஆர்டர் பிடித்த இடத்துக்கு அண்டாவோடு போய், இலை போட்டு, யாருக்கு எத்தனை துண்டு கறி என்று முகத்தைப் பார்த்தே கணித்துப் பரிமாறுவான். கெட்டிக்காரன்தான். ஆனால் உடம்புதான் பிரியாணிக் கடையில் இருக்கும், உயிர் இரும்புக்கடையில் இருக்கும்.

இரும்புக்கடை என்பது சென்னையில் நாலு பேர் சேர்ந்து நடத்திய ராக் இசைக்குழு. இரண்டு கிட்டார், ஒரு டிரம், ஒரு தொண்டை. முதல் தடவை கேட்கிறவர்களுக்கு மாடிப்படியில் பாத்திரம் உருண்டு வருகிற மாதிரி இருக்கும். அன்பழகனுக்கு இரண்டாவது தடவையிலிருந்து அதுவே சோறு, அதுவே தண்ணீர். பதினோரு கச்சேரிக்குப் போயிருக்கிறான். கோயம்புத்தூர், பெங்களூர், ஒரு தடவை கொச்சி வரைக்கும் முன்பதிவில்லாத பெட்டியில் கக்கூஸ் கதவோரம் நின்றுகொண்டே போனான். மேடையில் டிரம் விழும்போது தலையைச் சுழற்றுவதற்கென்றே ஐந்து வருஷமாகத் தோள் வரைக்கும் முடி வளர்த்திருந்தான். பிரியாணியில் ஒரு மயிர் விழுந்தாலும் உன்னை அண்டாவில் போட்டு மூடிவிடுவேன் என்று பாய் மிரட்டியதால் வேலை நேரத்தில் முடியைத் துணியால் இறுகக் கட்டிக்கொள்வான்.

பதினோரு கச்சேரியிலும் அவன் தொண்டை கிழியக் கத்தியது ஒரே பாட்டுக்குத்தான். ஆலைச் சங்கு. அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஏழாவது பாட்டு. காலையில் ஊதுகிற மில் சங்கு ஒருநாள் ஊதாமல் போகிறது, அவ்வளவுதான் பாட்டு. அன்பழகனின் அப்பா மில்காரர். சங்கு நின்றுபோன மறுநாளும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தவர். அந்தப் பாட்டை ஒரு தடவை நேரில் கேட்டுவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அந்தப் பாவிகளோ அதை மட்டும் மேடையில் பாடியதே இல்லை. இவன் சங்கு, சங்கு என்று கத்துவான். பாட்டுக்காரன் கும்பிட்டுவிட்டு வேறு ஏதாவது பாடிவிட்டுப் போவான். ஒவ்வொரு தடவையும் கடைப் பையன்களிடம் இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவான்.

இப்போது குழு கலைகிறதாம். கடைசிக் கச்சேரியை அவர்கள் வைத்திருந்தது புதுச்சேரியில், கடற்கரைத் திடலில். அன்பழகன் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. இதை விட்டால் சங்கு இந்த ஜென்மத்தில் கிடையாது.

உண்மையைச் சொல்லி லீவு கேட்டிருக்கலாம். நாலாவது கச்சேரிக்கு அப்படித்தான் கேட்டான். தட்டுமுட்டுச் சாமான் உருள்வதைக் கேட்க லீவு எதற்கு, நம்ம கடையிலேயே உருள்கிறதே என்றார் பாய். கடையே சிரித்தது. அன்றைக்குப் பிறகு காய்ச்சல், பல்வலி, பிள்ளைக்குத் தடுப்பூசி என்று சொல்லித்தான் போய்க்கொண்டிருந்தான். இந்த முறை ஆர்டர் இருக்கிறது. காய்ச்சல் எடுபடாது. சாவு ஒன்றுதான் எடுபடும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குரலைத் தழதழக்க வைத்துக்கொண்டு போன் செய்தான்.

"பாய், பெரியப்பா பூட்டாரு."

பாய் அரபியில் ஏதோ முணுமுணுத்தார். அவர் எதைச் சொன்னாலும் நோண்டுகிறவர், ஆனால் சாவுச் சேதியை மட்டும் நோண்ட மாட்டார். அதை நம்பித்தான் அன்பழகன் இறங்கினான். அவன் அப்பாதான் வீட்டுக்கு மூத்தவர், பெரியப்பா என்று ஒருவர் பிறக்கவே இல்லை. அதனால் யாரையும் கொன்ற பாவமும் தனக்கில்லை என்று நினைத்துக்கொண்டான்.

பாய் நாலு வார்த்தை ஆறுதல் சொன்னார். பிறகு, இன்றைக்குப் போய் மாலை போட்டுவிட்டு இருந்து பார்த்துக்கொள், நாளை மத்தியானம் கடைக்கு வந்துவிடு என்றார். பெரியப்பா சாவுக்கு ஒரு நாள்தான் போலிருக்கிறது.

அன்பழகனுக்குச் சுர்ரென்று ஏறியது. செத்தவருக்குக் கூட மரியாதை இல்லையா? இல்லாத பெரியப்பாவுக்காக அவனுக்கு நிஜமாகவே ரோஷம் வந்துவிட்டது.

"அவருக்குப் புள்ள இல்ல பாய். நான்தான் கொள்ளி வைக்கணும்."

பாயின் குரல் இறங்கி வந்தது.

"கொள்ளி வைக்கறவன் பதினாறு நாளு கறி ஆக்கற எடத்துக்கு வரக்கூடாதுடா. நீ வராத. மொட்ட போடணும்ல?"

அன்பழகனின் கை தானாகத் தலைக்குப் போனது. பார்க்கலாம் பாய் என்று இழுத்தான். இதில் பார்க்க என்ன இருக்கிறது, போட்டுத்தான் ஆகவேண்டும் என்றார் பாய். முப்பது வருஷமாக எல்லாச் சாதி ஆட்களையும் வைத்து வேலை வாங்கியவர். அவரவர் வீட்டுச் சடங்கு அவரவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதும் தெரியும். சாப்பாட்டை நான் அனுப்புகிறேன், கூட்டம் எவ்வளவு என்று கேட்டார். ரொம்பக் கம்மியாகச் சொன்னால் பெரியப்பாவுக்கு மதிப்பில்லை என்று அன்பழகன் ஐம்பது என்று சொல்லித் தொலைத்தான்.

"எப்ப எடுக்கறீங்க?"

இங்கேதான் அவனுடைய மூளை பளிச்சென்று வேலை செய்தது. வெள்ளிக்கிழமை. மத்தியானம் பாய் ஜும்ஆ தொழுகையில் இருப்பார்.

"ஒரு மணிக்கு பாய்."

"அப்ப சரி. தொழுதுட்டு நேரா சுடுகாட்டுக்கே வந்துடறேன். கருவடிக்குப்பந்தானே?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பூர்ணிமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் பெண்டாட்டி. அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள், மெதுவாகப் பேசுவாள். அது இன்னும் மோசம்.

"லீவு குடுங்க, பாட்டு கேக்கப் போறேன்னு சொன்னா வாயி வெந்துடுமா?"

"கேட்டா குடுக்க மாட்டாரு. அந்தாளுக்கு மனுசன் மனசு தெரியாது."

"இன்னிக்குப் பெரியப்பா. அடுத்த கச்சேரிக்கு நானா?"

அடுத்த கச்சேரியே இல்லை, இதுதான் கடைசி என்று அவன் விளக்கத் தொடங்கினான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் பாயின் வேன் வந்து நின்றது. ஓட்டுநர் நுஃமான் இறங்கினார். ஐம்பது வயது. வண்டி, அண்டா, மூடி, இந்த மூன்றைத் தவிர உலகத்தில் வேறெதைப் பற்றியும் கேள்வி கேட்காத மனிதர். ஐம்பது பேருக்கான சாம்பார் சாதத்தை இறக்கி வைத்தார். பந்தல் இல்லை, நாற்காலி இல்லை, அழுகைச் சத்தம் இல்லை, டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்பழகன் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். எல்லாரும் முன்னாலேயே சுடுகாட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பூர்ணிமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நுஃமான் தலையாட்டினார். பாயைக் கூட்டிக்கொண்டு தொழுகை முடிந்து தானும் அங்கே வருவதாகச் சொன்னார். அண்டா பத்திரம், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வேறு வழியில்லாமல் அன்பழகன் வேட்டியைக் கட்டிக்கொண்டு சுடுகாட்டுக்கு ஓடினான். கருவடிக்குப்பத்தில் ஒரு நாளைக்கு நாலு பிணமாவது வரும், ஏதாவது ஒன்றின் பக்கத்தில் நின்றுகொள்ளலாம் என்பது திட்டம். அவன் நேரம், அன்றைக்கு ஒன்றுதான் வந்திருந்தது. அம்மாவாசை என்று எண்பத்தோரு வயதுப் பெரியவர். மகன் கிருஷ்ணசாமி ஆறடி ஆள். அவரும் இரண்டு பங்காளிகளும் ஏற்கெனவே மொட்டையடித்துக்கொண்டு ஈரத் தலையோடு நின்றார்கள். நாலாவது ஆள் வருவாரா என்று நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அன்பழகன் ஓரமாக நின்று துக்கமாக முகத்தை வைத்துக்கொண்டான். சரியாக ஒன்றே முக்காலுக்கு மஜீத் பாய் தொப்பியும் அத்தர் வாசனையுமாக, ஆளுயர ரோஜா மாலையோடு வந்து சேர்ந்தார். நுஃமான் பின்னால் வந்தார். பாய் நேராகப் போய் அம்மாவாசைக்கு மாலையைச் சாத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வீட்டு ஆட்கள், அப்பாவுக்கு இவ்வளவு பெரிய சிநேகிதர் இருந்தாரா என்று மரியாதையாக வழி விட்டார்கள்.

திரும்பி வந்த பாய் அன்பழகனின் தலையைப் பார்த்தார்.

"இன்னும் எடுக்கலியா? மத்தவங்கல்லாம் எடுத்துட்டாங்க, கொள்ளி வைக்கறவன் நீ நிக்கற."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நாவிதர் முன்னால் உட்கார வைத்தார். இனி எழுந்து ஓடினால் எல்லாம் போச்சு. தண்ணீர் தெளித்தார்கள். கத்தி நெற்றியில் தொட்டது. ஐந்து வருஷம். பெங்களூரில் மழையில் நனைந்து சுழற்றிய முடி. கொச்சியில் மின்விசிறியில் மாட்டப் பார்த்த முடி. மடியில் கொத்துக் கொத்தாக விழ, அவன் வாய்விட்டு அழுதான். அந்தச் சாவில் அவ்வளவு சத்தமாக வேறு யாரும் அழவில்லை. நாவிதர் இரக்கப்பட்டு மீசையையும் சேர்த்து எடுத்துவிட்டார்.

பாய் தோளைத் தட்டிக்கொடுத்தார். "நாளைக்கு நீ இல்லாம போச்சேன்னுதான்டா எனக்கு மனசே ஆறல," என்றார்.

அன்பழகனின் அழுகை நின்றது. சுடுகாட்டில் நின்றுகொண்டும் நாற்பது சாப்பாட்டைப் பற்றித்தான் பேச்சா? இந்த மனிதன் கடைசி நாள் வரைக்கும் கல்லாவில்தான் உட்கார்ந்திருப்பான் என்று மனதுக்குள் கறுவினான். பாய் இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கினார். போங்க பாய், நெருப்பு வைப்பதை நீங்கள் பார்க்கவேண்டாம் என்று அவரை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போய் வேனில் ஏற்றிவிட்டுத்தான் மூச்சு விட்டான்.

திரும்பினால் கிருஷ்ணசாமி நின்றிருந்தார்.

"யாருப்பா நீ? எங்க அப்பாவுக்கு நீ எதுக்கு மொட்ட போட்ட?"

"அது வந்துங்க... எனக்கும் அவரு அப்பா மாதிரிதாங்க."

சொன்ன பிறகுதான் எப்படிக் கேட்கிறது என்று அன்பழகனுக்கு உறைத்தது. கிருஷ்ணசாமியின் முகம் சிவந்து, கறுத்து, வெளுத்தது. அவனை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். எண்பத்தோரு வயது வரைக்கும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறானே இந்த மனுஷன் என்று பிணத்தின் பக்கம் பார்த்துப் பல்லைக் கடித்தார். உங்க அம்மா எந்தத் தெரு என்று கேட்டார். அன்பழகன் வாயைத் திறப்பதற்குள் வேண்டாம், சொல்லாதே என்று தானே கையமர்த்தினார்.

"சொந்தக்காரங்க பாக்கறதுக்குள்ள கெளம்பு. எங்கம்மா கண்ணுல மட்டும் பட்டுடாத."

அன்பழகன் வீடு வந்து சேர்ந்தபோது தெருவே சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வேண்டுதல் என்று சொல்லி பூர்ணிமா எல்லா வீட்டுக்கும் அனுப்பியிருந்தாள். அவனுடைய வழவழத்த தலையைப் பார்த்தாள். மீசை இருந்த இடத்தைப் பார்த்தாள். ஒரு தட்டில் சாம்பார் சாதத்தைப் போட்டு அவன் முன்னால் தள்ளிவிட்டுப் போனாள். போனது போகட்டும், நாளைக்குச் சங்கு என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கே கறுப்பு டீ ஷர்ட், தொப்பி, பேண்ட் பையில் டிக்கெட் என்று கிளம்பிவிட்டான். திடல் வாசலில் திருவிழாக் கூட்டம். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவன், நிமிர்ந்து பார்த்ததும் அப்படியே குனிந்தான்.

வாசலை ஒட்டி பாயின் வேன் நின்றிருந்தது. அதற்கு முன்னால் வெள்ளைச் சட்டையில் மஜீத் பாய். உள்ளே போகிற ஒவ்வொருத்தன் முகத்தையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நுஃமான்தான் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும். டிவி ஓடியதைப் பார்த்தார் இல்லையா? ஊமை ஊரைக் கெடுக்கும் ரகம். ஆர்டரைக்கூட யாரிடமோ தள்ளிவிட்டு என்னைப் பிடிக்கவென்றே வந்து நிற்கிறாரே, இது என்ன வன்மம் என்று அன்பழகனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒன்பது வருஷம் அந்த அண்டாவோடு மாரடித்ததற்கு இதுதான் மரியாதை.

பக்கவாட்டு வாசலுக்கு ஓடினான். இது மேடைக்காரர்களுக்கு, முன்வாசலில் போ என்று காவலாள் விரட்டினார். வந்து பார்த்தால் பாய் அங்கேயே. ஆறு மணி ஆயிற்று, ஆறரை ஆயிற்று. கூட்டம் உள்ளே போய்விட்டது. பாய் காலை மாற்றி மாற்றி நின்றாரே தவிர நகரவில்லை. உள்ளே முதல் டிரம் விழுந்தது.

கடைசியில் திடலுக்குப் பின்னால், கடலோரக் கருங்கற்களின்மேல் போய் உட்கார்ந்தான். நடுவில் தகர வேலி. பாட்டு கேட்டது, மேடை தெரியவில்லை. பன்னிரண்டாவது கச்சேரி, கடைசிக் கச்சேரி, அவன் தகரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழக்கம்போல ஒரு இடத்தில் தலையைச் சுழற்றினான். தொப்பி மட்டும் கழன்று கடலில் விழுந்தது. பாயைத் திட்டினான். நுஃமானைத் திட்டினான். நாவிதரைத் திட்டினான். அம்மாவாசை இன்னும் ஒரு நாள் உயிரோடு இருந்திருக்கக் கூடாதா என்று அவரையும் விடவில்லை.

மணி எட்டே முக்கால். பாட்டுக்காரன் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினான்.

"இதான் கடைசிப் பாட்டு. நாங்க மேடையில பாடினதே இல்ல. இன்னைக்கு இங்க வர முடியாமப் போன ஒருத்தருக்காகப் பாடறோம்."

டிரம் நின்றது. கிட்டாரில் ஒரே ஒரு தந்தி நீளமாக ஊதியது. காலை ஐந்தரை மணிச் சங்கு மாதிரி.

அன்பழகன் எழுந்து நின்றுவிட்டான். ஆலைச் சங்கு. கண்ணீர் தானாக வழிந்தது. அதே சமயம் வயிறு பற்றி எரிந்தது. யார் அவன்? வர முடியாமல் போனவனாம். பத்து நிமிஷம் நடந்து வருவதற்கு வலித்த ஒரு சோம்பேறிக்கு, கொச்சிவரை கக்கூஸ் கதவோரம் நின்று போனவன் கேட்ட பாட்டா? பதினோரு தடவை கத்தினேனே, ஒரு தடவை காதில் விழுந்ததா? மனசாட்சி இல்லாத நாலு பேர். ஒரு கல்லை எடுத்துக் கடலில் வீசினான். பாட்டு முடியும்வரை அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் நின்றான். அந்த வர முடியாதவனை நேரில் பார்த்தால் சட்டையைப் பிடிப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நுஃமான் அண்டாவுக்காக வந்தார். வாசலில் உட்கார்ந்து, தோளில் கிடந்த கறுப்புத் துணியை எடுத்து அண்டாவின் அடிக்கரியைத் தேய்த்துத் துடைத்தார். போட்டுக்கொடுத்த ஆளை நாலு கேள்வி கேட்பதற்காக வெளியே வந்த அன்பழகன், அந்தத் துணியைப் பார்த்து நின்றான். இரும்புக்கடையின் டீ ஷர்ட். முதுகில் வெள்ளி மையில் நாலு கையெழுத்து, பாதி கரியில் போய்விட்டிருந்தது.

"அண்ணே, இது ஏது?"

"நேத்து சாப்ட்டவங்க குடுத்தாங்க. உனக்குப் பதிலா நான்தானே பரிமாறினேன். எனக்கு எதுக்கு இது, கரி தொடைக்க ஆவும்னு வெச்சிருக்கேன்."

அன்பழகன் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாற்பது சாப்பாடும் யாருக்கு என்று கேட்டான். அந்தப் பாட்டுக்காரங்களுக்கும் மேடை ஆட்களுக்கும்தான், உனக்காகத்தானே பாய் ஓடி ஓடி அந்த ஆர்டரைப் பிடித்தார், சொல்ல வந்தால் நீ எங்கே கேட்டாய் என்றார் நுஃமான், அண்டாவிலிருந்து கண்ணெடுக்காமல்.

"அப்ப பாய் வாசல்ல நின்னது?" வாய்விட்ட பிறகுதான் அன்பழகன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அது இவனுக்கு எப்படித் தெரியும் என்று நுஃமான் கேட்கவில்லை. "மனசு கேக்காம நீ வந்தாலும் வருவேன்னு, உள்ள கூட்டினு போற பாஸக் கையில வெச்சினு நின்னாரு. கால் வீங்கிப் போச்சு அவருக்கு."

அண்டாவைத் தூக்கி வேனில் ஏற்றினார். மூடியைச் சரிபார்த்தார். வண்டியைக் கிளப்பி, ஏதோ ஞாபகம் வந்தவராக ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஆங், மறந்துட்டேன் பாரு. நீ பதினோரு தபா கத்தினது, பெரியப்பா பூட்டது எல்லாத்தையும் பாய் அவங்ககிட்ட சொன்னாரா, பாவம் அந்தப் பசங்க கடைசிப் பாட்ட வர முடியாமப் போன ஒருத்தருக்குன்னு பாடுச்சிங்க, அது உனக்குத்தான்."